பதினொரு படைத்தலைவர்களும் ஒரு வாசல்காரனும்

தங்கப்பழம் இசக்கித்துரைக்குத் தர வேண்டியது நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.

இரண்டு பேரும் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள். ஒரே வயது, ஒரே கூலி, தோளில் ஒரே இடத்தில் தழும்பு. பணம் வாங்கும்போது தங்கப்பழம் சொன்ன காரணம் ‘ஒரு அவசரம்’ என்பதுதான். அவசரம் என்றால் ஆஸ்பத்திரியாக இருக்கும், இல்லாவிட்டால் மகள் படிப்பாக இருக்கும் என்று இசக்கித்துரை மேற்கொண்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். அது என்ன அவசரம் என்பது அவனுக்கு ஒரு புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்தது. அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்பதால் ஊருக்கெல்லாம் தெரிந்து, டீக்கடையில் பேசித் தீர்ந்து, பழசான பிறகுதான் தெரிந்தது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுந்தரராஜ். பெயர் ‘பனங்கருக்குக் கோட்டை’. பனங்கருக்கு மட்டையால் வேலி போட்ட ஒரு மாயக்கோட்டையைச் சாம்பல் ராணி என்ற சூனியக்காரி பிடித்துவைத்திருக்கிறாள். மின்னல்வாகனன் என்ற அநாதை இளைஞன் அதை மீட்க வேண்டும். ஏழு பாகம் என்று முதல் பாகத்தின் அட்டையிலேயே போட்டுவிட்டார். நாயகனுக்கும் ராணிக்கும் பெயர் வைத்ததிலேயே அவருடைய கற்பனைப் பெயர்கள் தீர்ந்துபோயின. மிச்சமுள்ள பாத்திரங்களுக்கு நகல் எடுக்க வந்தவர்கள், பக்கத்தில் டீ குடிக்க வந்தவர்கள் பெயரையெல்லாம் வைத்தார். அப்படித்தான் தங்கப்பழம் கழுதைக்காரன் ஆனான். இசக்கித்துரை கோட்டை வாசல்காரன் ஆனான்.

கழுதைக்காரனுக்கு முதல் பாகத்தில் பேச்சே கிடையாது. ஒரு இடத்தில் கழுதை மட்டும் கத்துகிறது. வாசல்காரனுக்கோ ஒரு வரி உண்டு. இருட்டில் யாரோ கதவைத் தட்டும்போது ‘யாரது?’ என்று கேட்கிறான்.

இசக்கித்துரை நாற்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் கால் மடக்கி உட்கார்ந்து எழுத்துப் படித்தவன். அதுவரை பஸ் போர்டையும், சிப்பத்தில் எழுதிய ஊர்ப் பெயரையும்கூட அடுத்தவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். புத்தகம் என்று கையில் எடுத்து அவன் வாசித்த முதல் புத்தகத்தில் அவன் பெயரே இருந்தது. அந்தப் பக்கத்தை மடித்துவைத்து மார்க்கெட்டில் எல்லோருக்கும் காட்டினான். தங்கப்பழத்திடம் கொஞ்சம் அதிகமாகவே காட்டினான். உனக்கு ஒரு வரி இல்லாமல் போச்சே என்று வருத்தப்பட்டான். அந்த வருத்தத்துக்குள் இருந்த சந்தோஷம் தங்கப்பழத்துக்குத் தெரியாமலா போகும்? ஒரே மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்குகிறவர்கள் அவர்கள்.

முதல் பாகம் விற்கவில்லை. கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் கடையிலேயே கிடந்தது. அந்த நேரத்தில்தான் பூக் கமிஷன் கடை முதலாளி ஆறுமுகச்சாமி இலக்கியத்துக்குள் வந்தார். ‘பனங்கருக்குக் கோட்டை வாசகர் பேரவை’ என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தாமே தலைவர் ஆனார். புத்தகத்தை அவர் வாசிக்கவில்லை. வாசித்தால் நடுநிலை கெட்டுவிடும் என்றார். தொடக்க விழாவில் அவர் பேசிய பேச்சு இன்றைக்கும் பேரவைக்கு வேதம்.

“கோயில்ல சாமி ஒண்ணுதான். கூட்டம் எதனால வருது? மண்டகப்படியால வருது. இன்னைக்கு எங்க மண்டகப்படின்னா நாங்க அத்தன பேரும் போவோம். நாளைக்கு உங்களுதுன்னா நீங்க போவீங்க. புஸ்தகம் எதுக்கு விக்கல? அதுல ஒருத்தனுக்கும் மண்டகப்படி இல்ல. ஒரே பய முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஓடுதான். அவன் யாரு? அப்பன் பேரு தெரியாது, ஆத்தா பேரு தெரியாது, ரேஷன் கார்டு கிடையாது. அவனால பேரவைக்கு அஞ்சு பைசா வரவு உண்டா?”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

திருவிழாவில் ஒரு நாள் செலவை ஒரு குடும்பமோ ஒரு சமுதாயமோ ஏற்றுச் செய்வதுதான் மண்டகப்படி. செய்தவர்களுக்கு அன்றைக்குத் தலையில் பரிவட்டம், முதல் மரியாதை. பேரவை அதை அப்படியே புத்தகத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு மண்டகப்படி. செலவை ஏற்றவரின் பெயருள்ள பாத்திரம் அந்த அத்தியாயத்தில் முன்னால் நடக்கும், மற்றவர்கள் பின்னால் நடக்க வேண்டும். வசதி குறைந்தவர்களுக்கு அரை மண்டகப்படியும் உண்டு. பாதி அத்தியாயம் முன்னால் நடந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை எடுத்துவிட்டால் அது பரம்பரைப் பாத்தியதை. பிறகு காசு கட்ட வேண்டாம், பாகத்துக்கு ஒரு பதவி தானாக ஏறும்.

இரண்டாம் பாகத்தின் நடுவில் கழுதைக்காரன் வாயைத் திறந்தான். ‘மன்னா, வடக்கே புழுதி தெரிகிறது’ என்றான். மன்னன் அவனை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘முற்பாதி மண்டகப்படி: திரு. தங்கப்பழம், பூ மார்க்கெட்’ என்று போட்டிருந்தது. இசக்கித்துரை அதை விரல் வைத்து வாசித்தான். விரலை எடுத்துவிட்டும் வாசித்தான். அவசரம் என்று வாங்கிப் போனானே, அந்த அவசரம் இதுதான். வடக்கே கிளம்பிய புழுதி இசக்கித்துரையின் துட்டு.

மறுநாள் பிச்சிப்பூ மூட்டை இறக்கும்போது பணத்தைக் கேட்டான். தங்கப்பழம் கோபப்படவில்லை. பெரிய ஆள் ஆகப் போகிறவனுக்கு உள்ள பொறுமையோடு பதில் சொன்னான். “இப்பந்தானலே வாயத் திறந்திருக்கேன். ஒரு குதிர கிடைக்கட்டும், தந்திருதேன்.”

மூன்றாம் பாகத்தில் குதிரை கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. குதிரையில் ஏறியவனுக்குப் பின்னால் கழுதை வருவது கௌரவமாக இல்லை என்று பேரவையில் தீர்மானம் போட்டு, கழுதையை முன்தேதியிட்டு நீக்கினார்கள். முதல் பாகத்தில் கத்தியது எது என்பது பற்றி அவையில் யாரும் கேள்வி எழுப்பவில்லை.

அந்தப் பாகத்தில்தான் பேரவை விதிகள் முழுசாக அமலுக்கு வந்தன. செலவு ஏற்றவரின் பாத்திரம் சாகக் கூடாது, தோற்கக் கூடாது, மழையில் நனையக் கூடாது. நிலத் தரகர் வேல்ராஜ் தம் மனைவி பெயரைச் சாம்பல் ராணிக்கு வைக்கச் சொல்லி ஒரு முழு மண்டகப்படி எடுத்தார். எடுத்த அன்றே சூனியக்காரி நல்லவள் ஆகிவிட்டாள். அவள் செய்த கொலைகள் எல்லாம் அக்கம்பக்கத்தார் தவறாகப் புரிந்துகொண்டவை என்று ஒரு அத்தியாயம் வந்தது. அப்புறம் யாரோடு சண்டை போடுவது? அதற்கும் வழி கண்டார்கள். பக்கத்து நாடு ஒன்று உண்டாக்கப்பட்டது. அந்த நாட்டில் பெயருள்ளவர் யாரும் இருக்கக் கூடாது என்று விதி.

நாலாம் பாகத்தில் கடையநல்லூர் நூருல் ஹுதா வந்தார். ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெண்மணி. முதல் பாகத்தில் ஆற்றில் பரிசல் தள்ளுகிறவராக ஒரு வரியில் வந்து போயிருந்தார். அவருடைய மகன் வளைகுடாவிலிருந்து முழு மண்டகப்படிக்குப் பணம் அனுப்பி, உம்மாவைக் கப்பல்படைத் தளபதி ஆக்கச் சொன்னான். பனங்கருக்கு நாட்டில் கடல் கிடையாது. பேரவை கூடி, கடலை வரவழைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் ஊரில் ஒரே ராத்திரியில் கோட்டை வாசல்வரை கடல் வந்து நின்ற அந்த அத்தியாயத்தை ஜனங்கள் மிகவும் ரசித்தார்கள். நூருல் ஹுதா மட்டும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காயல்பட்டணத்துக்குக் கல்யாணத்துக்குப் போனபோது கடலைப் பார்த்ததோடு சரி, மற்றபடி தனக்குக் கடலோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை என்றார்.

ஐந்தாம் பாகம் வந்தபோது பனங்கருக்கு நாட்டில் படைத்தலைவர்கள் பதினொரு பேர் ஆகியிருந்தார்கள். எல்லோருக்கும் பாத்தியதை, எல்லோருக்கும் பதவி ஏற்றம். சாதாரணப் போர்வீரனாக இருக்க ஒருவரும் மிச்சமில்லை. செலவு ஏற்காத பாத்திரம் யார் என்று தேடிப் பார்த்ததில் மின்னல்வாகனன் அகப்பட்டான். அவனைப் பதினொரு தலைவர்களுக்கும் முறைவைத்துப் போர்வீரனாகக் கொடுத்தார்கள். காலையில் ஒரு தலைவரின் கட்டளைப்படி முன்னேறுவான். மத்தியானம் இன்னொரு தலைவரின் கட்டளைப்படி பின்வாங்குவான். சாயங்காலம் பதினொரு தலைவர்களும் வெற்றி விழா கொண்டாடும்போது பந்தலுக்குக் கால் நடுவான்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவன் தங்கப்பழம். அப்போது அவன் பெயர் தங்கப்பழ பூபதி. இரண்டு யானை.

இசக்கித்துரையைத் தின்றது யானை இல்லை. மார்க்கெட்டில் நடந்த சின்னச் சின்னக் காரியங்கள்தான் தின்றன. டீக்கடையில் முதல் டம்ளர் தங்கப்பழத்துக்குப் போயிற்று. வேன் டிரைவர்கள் ‘தளபதி, கொஞ்சம் தள்ளிக்கோங்க’ என்றார்கள். தங்கப்பழம் தலைச்சுமை தூக்குவதையே விட்டுவிட்டான். பரிவட்டம் கட்டுகிற தலையில் சும்மாடு வைக்கக் கூடாதாம், இனிமேல் தோள்சுமை மட்டும்தானாம். தலைச்சுமையெல்லாம் இசக்கித்துரை தலைக்கு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, அந்த நாலாயிரத்துச் சொச்சத்தைத் தானே அன்றைக்குப் பேரவையில் கட்டியிருந்தால் இந்த டீ தனக்கு வந்திருக்கும், இந்த யானை தனக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வான். இப்போது கட்டலாம் என்றால் புது மண்டகப்படியின் விலை நிலத் தரகர்களுக்கே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

வீட்டில் கோமதித்தாயிடம் புலம்புவான். அவள் விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்க்கிறவள், எழுத்துத் தெரியாது. கழுதைக்காரன் இப்படிச் செய்தான், கழுதைக்காரன் அப்படி நடந்தான் என்று அவன் சொல்லச் சொல்ல, அவளுக்குத் தங்கப்பழம் என்ற பெயரே மறந்து கழுதைக்காரன் என்பதுதான் நின்றது. அது கதையில் வருகிற ஆளா, தெருவில் வருகிற ஆளா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

இருந்தும் இசக்கித்துரைக்கு ஒரு பிடி இருந்தது. முதல் பாகத்தில் அவனுக்கென்று ஒரு வரி உண்டு. அதை யாரும் எடுக்க முடியாது என்று நினைத்திருந்தான்.

ஆறாம் பாகத்தில் எடுத்துவிட்டார்கள். பதினொரு தலைவர்களுக்கும் உழைத்த அலுப்பில் மின்னல்வாகனன் கோட்டை வாசலில் வந்து உட்கார்கிறான். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ‘யாரது?’ என்கிறான் மின்னல்வாகனன். வாசல்காரன் பக்கத்தில் நின்றான் என்றுகூட எழுதவில்லை.

இசக்கித்துரை கூலி வேட்டியோடு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனான். சுந்தரராஜ் யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் பாகம் எழுதியபோது இருந்த ஆள் இல்லை அவர். இப்போது பேரவைத் தீர்மானங்களைச் செம்பிரதி எடுப்பதுதான் அவருடைய எழுத்து. ஆறாம் பாகத்தின் அட்டையில் தலைவர் படம் பெரிதாக இருந்தது. அச்சகத்தின் முகவரிக்குக் கீழே சுந்தரராஜ் பெயர் இருந்தது.

“என் வரி எங்க அண்ணாச்சி?” என்று கேட்டான் இசக்கித்துரை.

“நான் என்ன வே செய்ய? அவன் கதாநாயகன். அவனுக்கு ஒரு வரியாச்சும் குடுக்கணும்லா.”

“அதுக்கு என் வரிதான் கிடச்சுதா?”

“கேக்க ஆளில்லாத வரி அது ஒண்ணுதான் வே இருந்துச்சு. மத்த வரிக்கெல்லாம் ரசீது இருக்கு.”

சொல்லிவிட்டு, மனுப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பேரவையில் ‘பாத்திர மேம்பாட்டுக் குழு’ என்று ஒன்று இருக்கிறது. மனு மூன்று நகல் கொடுக்க வேண்டும். நகலை அவர் கடையில்தான் எடுக்க வேண்டும் என்பது விதி.

குழு, கமிஷன் கடை மாடியில் கூடியது. கீழேயிருந்து வாடிய சம்பங்கி வாசம் வந்துகொண்டிருந்தது. ஆறுமுகச்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். படைத்தலைவர்கள் பதினொரு பேரும் பதவி வரிசைப்படி பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். சுந்தரராஜ் ஓரத்தில் ஒரு காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இசக்கித்துரை நின்றான்.

“வாசல்காரன் இசக்கித்துரை உசுரோட இருக்கானா?” என்று ஆரம்பித்தார் தலைவர்.

“இருக்கான் முதலாளி.”

“எப்பிடிச் சொல்லுதீரு?”

“நாந்தான இசக்கித்துரை. முன்னால நிக்கேன்லா.”

“நீரு நிக்கீரு. அது மார்க்கெட்டுக்குச் சரி. ஆறாம் பாகத்துல அவன் பேசல. பேசாத ஆளுக்குப் பேரவை எப்பிடி வே உயிர்ச்சான்று குடுக்கும்? பென்சன் வாங்குதவுக வருசா வருசம் போயி, நான் உசுரோட இருக்கேன்னு காட்டுதாகள்லா. அவன் காட்டலியே.”

அவன் பேச வேண்டியதை வேறொருத்தன் பேசிவிட்டான் என்று இசக்கித்துரை விளக்கினான். தலைவர் அதை யோசித்தார். அவர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை.

“அவன் பேசும்போது வாசல்காரன் ஏன் தடுக்கல? உசுரோட உள்ளவன் தடுத்திருப்பாம்லா.”

நாற்காலிகள் பதினொன்றும் தலையாட்டின. தங்கப்பழமும் ஆட்டினான். கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினான் என்று இசக்கித்துரைக்குப் பட்டது. அதைப் பார்த்ததும் அவன் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். பூபதி முதன்முதலில் வாயைத் திறந்தது தன்னிடம் வாங்கிய கடனில்தான், அந்தக் கடன் இன்றுவரை தீரவில்லை, ஆகவே யானையில் உட்கார்ந்திருக்கிற ஆளில் பாதி நான் என்றான்.

பதினொரு பேரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள். பத்துப் பேருக்குத் தங்கள் வீட்டு விசேஷக் கடன்கள் ஞாபகம் வந்திருக்கும்.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். “கடன் மனுசனுக்கு உள்ளதுதான். ஆனா கடன்பட்ட தலையில பரிவட்டம் நிக்காது. ஏழாம் பாகம் வெளியீட்டு விழா ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்ச வாரம். அதுக்கு முன்ன தங்கப்பழம் இதத் தீக்கணும். ஊடால ஆளு கூடாது. இசக்கி கையிலயோ அவன் வீட்டுல உள்ளவுக கையிலயோ நேருல குடுக்கணும். தீக்கலன்னா பூபதிப் பட்டத்த எடுத்து மறுபடியும் ஏலத்துல விடுவோம். இதுல நான் ஒரு பக்கமும் சாயல. ஒரே பட்டம் ரெண்டு மட்டம் ஏலம் போனா பேரவைக்கு நல்லதுதான்.”

இசக்கித்துரையின் மனு, உயிர்ச்சான்று இல்லாத காரணத்தால் நிலுவையில் வைக்கப்பட்டது.

படியிறங்கும்போது இசக்கித்துரைக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. துட்டு வரப் போகிறது. பஜார் வரைக்கும் அந்தச் சந்தோஷம் தாங்கியது. பிறகு வேறொன்று உறைத்தது. பணத்தைத் தந்துவிட்டால் தங்கப்பழம் முழு யானையிலும் முழு ஆளாக உட்கார்ந்துவிடுவான். அதற்கப்புறம் அவனைப் பார்த்து இசக்கித்துரை சொல்ல ஒரு வார்த்தைகூட இருக்காது. மனதுக்குள் திட்டுவதற்குக்கூட ஒரு உரிமை வேண்டியிருக்கிறது. அந்த உரிமை அந்தக் கடன்தான்.

மறுநாளே தங்கப்பழம் பணத்தோடு வந்தான். ஆறுமுகச்சாமி கடையிலேயே கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி முன்பணம் வாங்கியிருந்தான். துண்டில் முடிந்துவைத்திருந்ததை நீட்டினான். இசக்கித்துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ஏழாம் பாகத்துல படை திரும்பி வரும்லா. வாசல்ல நீ யானைய விட்டு எறங்கணும். வாசல்காரன் யாருன்னு கேப்பான். கழுதக்காரன் தங்கப்பழம்னு நீ சொல்லணும். இத எழுதச் சொல்லு, வாங்கிக்கிடுதேன்.”

தங்கப்பழத்தின் முகம் சுருங்கியது. “கழுதையத்தான் தீர்மானம் போட்டு எடுத்தாச்சேலே.”

“நீ இருக்கல்லா.”

“வேணும்னா வட்டி போட்டுத் தாரேன்.”

“வட்டி யாருக்கு வேணும்? சொல்லு.”

“எம்மவளக் கட்டிக்குடுத்த எடத்துல நாலு பேரு அந்தப் புஸ்தகத்த வாசிக்காங்கலே. அது மட்டும் முடியாது” என்றான் தங்கப்பழம். சண்டைக்கு நிற்கிறவன் குரல் இல்லை அது. ஒரு வினாடி இசக்கித்துரைக்கே மனசு இளகப் பார்த்தது. அப்போது பார்த்து டீக்கடைக்காரர் ‘தளபதி, டீ ஆறுது’ என்று கூப்பிட்டார். இளகியது மறுபடியும் இறுகிக்கொண்டது.

அன்றிலிருந்து சங்கரன்கோவில் ஒரு புதுக் காட்சியைப் பார்த்தது. கடன் வாங்கியவன் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு துரத்தினான், கடன் கொடுத்தவன் ஓடினான். முன்பு தங்கப்பழம் எந்தச் சந்தில் ஒளிந்தானோ அதே சந்துகளில் இப்போது இசக்கித்துரை ஒளிந்தான். ஒளிகிற இடமெல்லாம் தங்கப்பழத்துக்குத் தெரிந்த இடங்களாக இருந்தது பெரிய கஷ்டம். கேந்திப்பூ மூட்டைக்குப் பின்னாலிருந்து இழுத்தான். சுமை இறக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் திணிக்கப் பார்த்தான். இசக்கித்துரை அடுத்த நாளிலிருந்து பையில்லாத பனியனோடு வேலைக்கு வந்தான். போனில் அனுப்பிவிடுகிறேன் என்றான் தங்கப்பழம், இசக்கித்துரையிடம் இருந்தது பட்டன் போன். ஒருநாள் துரத்தல் தாங்காமல் இசக்கித்துரை நகரத் தொடங்கிய பஸ்ஸில் தாவி ஏறினான். அது ராஜபாளையம் பஸ். சிவகிரி வரைக்கும் டிக்கெட் எடுத்து, இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினான். அந்த டீயை அவனுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். கடையில் வேறு ஆள் இல்லை.

பேரவைக்கு இது சங்கடமாகத்தான் இருந்தது. கடனைக் கொடுக்காமல் இருப்பவனுக்குத்தான் விதி இருந்தது. வாங்காமல் இருப்பவனுக்கு விதி இல்லை. குழு அவசரமாகக் கூடி, பணத்தை வாங்க மறுப்பது பரிவட்டத்தை அவமதிப்பதாகும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் நகலை இசக்கித்துரையிடம் நேரில் கொடுக்க வேண்டும். அவன் அதற்கும் அகப்படவில்லை.

விழா நாள் வந்தது. சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் மேளம் தொடங்கிவிட்டது. ஏழாம் பாகத்தின் கட்டுகளை இறக்க ஆள் கூப்பிட்டபோதுகூட இசக்கித்துரை போகவில்லை. மார்க்கெட்டின் கடைசிக் கொட்டகையில் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம். பரிவட்டம் கட்டுகிற கட்டம் தாண்டிவிட்டால் பூபதிப் பட்டம் ஏலத்துக்குப் போய்விடும். தங்கப்பழம் நாளை காலையில் தலைச்சுமைக்கு வருவான். டீ யாருக்கு முதலில் வருகிறது என்று பார்க்கலாம்.

ஒவ்வொரு படைத்தலைவராகப் பெயர் படித்தார்கள். கப்பல்படைத் தளபதிக்கு மட்டும் கடையில் கூட்டமாக இருப்பதால் வர இயலவில்லை என்று அறிவித்தார்கள். பிறகு ஆறுமுகச்சாமியின் குரல் கேட்டது.

“அடுத்து, கடனில்லாத தலை. படைத்தலைவர் தங்கப்பழ பூபதி.”

இசக்கித்துரை சாக்குகளைத் தள்ளிவிட்டு ஓடினான். மண்டபத்து வாசலில் நின்ற கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். மேடையில் தங்கப்பழத்தின் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்புரையாக இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தங்கப்பழம் ஒலிபெருக்கியைப் பிடித்து வாயைத் திறந்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டியவன் போலக் காற்றுதான் வந்தது. கூட்டத்தில் இசக்கித்துரையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

மோசடி என்று இசக்கித்துரை தீர்மானித்தான். கையில் பணமே வாங்காமல் கடன் எப்படித் தீரும்? வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான். கோமதித்தாய் தறியிலிருந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அரிசிப் பானை மூடியின் மேல் பணம் இருந்தது. இந்தா, எண்ணிக்கிடுங்க என்று மூடியைக் காட்டினாள்.

“நீ எதுக்குட்டி வாங்குன?” என்று கத்தினான் இசக்கித்துரை.

“குடுத்தா வாங்க மாட்டாகளா? நான் என்ன சும்மாவா வாங்குனேன். செவ்வாக்கிழம மகளிர் குழுக்கடன் வசூல்காரன் வார நேரம், இந்தத் தெருவுல எவ கதவத் திறப்பா? தாப்பாளப் போட்டுட்டுத்தான் கேட்டேன், யாரதுன்னு.”

“யாரதுன்னா கேட்ட?” என்றான் இசக்கித்துரை.

“படைத்தலைவர்னான். இங்கன அப்பிடி ஆருமில்ல, வேற தெருவுல பாருன்னுட்டேன். பொறவு பூபதின்னான். புதுசா ஒரு கடன்காரன் சேந்திருக்கான்போலன்னு பேசாம உலைய வச்சேன். தட்டிக்கிட்டே கெடக்கான். தங்கப்பழம்னான். எந்தத் தங்கப்பழம், எனக்குத் தெரியாதுன்னேன். மேளச்சத்தம் கேக்குதுக்கா, நேரமாச்சுக்கான்னு அழுவுதாப்புல கெஞ்சுதான். நீ யாருன்னு சரியாச் சொல்லுலேன்னேன். அப்பந்தான் சொன்னான், கழுதக்காரன் தங்கப்பழம்னு.”

“சொன்னானா?”

“சொன்னாம்லா. எனக்குத் தறிச்சத்தத்துல காது மந்தம். கேக்கல, சத்தமாச் சொல்லுன்னேன். தெருவே கேக்க மறுபடியும் மறுபடியும் சொன்னான். எதுத்த வீட்டுச் செண்பகவல்லி வெளிய வந்து பாத்துட்டு, கழுதக்காரனா, எங்க கழுதன்னு கேட்டா. ஆளு பாவம், வேர்த்து ஒழுகுது. நம்ம கழுதக்காரந்தானன்னு திறந்து வாங்கிக்கிட்டேன்.”

இசக்கித்துரை சுவரோரம் உட்கார்ந்தான். ஆறு பாகமாக அவன் காத்துக்கிடந்த காட்சி நடந்து முடிந்திருந்தது. கதவு இருந்தது, தட்டல் இருந்தது, கேள்வி இருந்தது, படைத்தலைவன் யானையில்லாமல் தரையில் நின்று பதில் சொல்லியிருக்கிறான். அவ்வளவு நேரமும் இசக்கித்துரை சாக்குகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தான். எழுத்து ஒன்றும் தெரியாதவள், அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வரியை அவனுக்குப் பதிலாகச் சொல்லிவிட்டாள். அவளை ஏறிட்டுப் பார்த்தான். அதே கண்ணால் இத்தனை வருஷமும் அவன் தங்கப்பழத்தின் டீ டம்ளரைப் பார்த்திருக்கிறான்.

“எண்ணுங்களேன்” என்றாள் கோமதித்தாய். “நாலாயிரத்து எழுநூத்து அம்பது இருக்கணும்னு சொன்னான்.”

இசக்கித்துரை பணத்தைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான்.

“நீயே வச்சுக்கோட்டி” என்றான். “உங்கிட்டதான சொன்னான்.”